பாடி – 1

கால்ஷீட்டில் எனக்கு நேராக
'பாடி – 1' என்று எழுதியிருந்தது.
சம்பளம் அறுநூறு, மதியச் சாப்பாடு,
வசனம் கிடையாது.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜில்
ராத்திரி ரிசப்ஷன் நான்.
மூன்றாம் மாடியில் எட்டு அறை எடுத்திருந்தார்கள்
சேனல்காரர்கள்.
முதல் படம் எடுக்கிற ஆறு பேருக்கு
ஆளுக்கு ஐந்து லட்சமும் ஏழு நாளும் கொடுத்து
ஊர் ஊராக அவிழ்த்துவிட்டு
அவர்கள் படம் எடுப்பதைப் படம் எடுக்கிறார்கள்.
சீட்டுக் குலுக்கியதில் மதுரை விழுந்தது அங்கயற்செல்விக்கு.
பெயர்தான் எங்கள் ஊர். ஆள் விருத்தாசலம்.

பிணமாக வரவேண்டியவர் வரவில்லை.
இரண்டாயிரம் கேட்டாராம்.
விடியக்காலை நாலரைக்குச் சாவியைக் கொடுக்க வந்தவள்
என்னையே பார்த்தாள்.
"அண்ணே, உங்களுக்கு அசையாமப் படுக்க வருமா?"
பதினோரு வருஷமாக ஒரு நாற்காலியில்
அதைத்தான் செய்கிறேன்.

கள்ளந்திரி தாண்டிக் கால்வாய்.
பங்குனி. காய்ந்த சேற்றில் சாக்கு விரித்தார்கள்,
பிறகு ஃபிரேமில் தெரிகிறதென்று
சாக்கையும் உருவிக்கொண்டார்கள்.
ஒரு கேமரா என்னைப் பார்த்தது.
இரண்டு கேமரா அவளைப் பார்த்தன.
அழகர்மலைப் பக்கம் மயில் கத்தியது. கட்.
மறுபடி கத்தியது. கட்.
ரோஷன், அவளை அழவைக்கச் சம்பளம் வாங்குகிறவன்,
கரையில் குடைபிடித்து நின்றான்.
"செல்வி, பட்ஜெட் பத்தி ஒரு வார்த்தை. இங்க பார்த்து."

அவள் காலரில் மைக்.
கேமராமேனுக்கு மைக்.
டீ கொண்டுவருகிற பையனுக்கும் மைக்.
செத்தவனுக்கு மட்டும் இல்லை.

அதனால்தான் போலும்,
ரத்தக்கறையைச் சரிபார்க்கிற சாக்கில் குனிந்து
காலரை இறுக்கிப் பொத்திக்கொண்டு
என் காதில் சொன்னாள்:
"நான் இதுவரைக்கும்
செத்தவங்க ஒருத்தரையும் பார்த்ததில்லைண்ணே.
எங்க தப்புன்னு தெரியலை.
தப்புன்னு மட்டும் தெரியுது."

உதடு பிரியாமல் சொன்னேன்
நூற்றுப் பதினாலாம் அறையைப் பற்றி.
கதவை உடைத்தபோது
முகம் தூங்குகிறவர் முகம்தான்,
அதில் ஒன்றுமில்லை.
இடது கைதான்.
கட்டிலுக்கு வெளியே நீண்டு
உள்ளங்கை மேலே பார்த்து
பாக்கிச் சில்லறைக்குக் காத்திருக்கிற மாதிரி.

அவள் ஒன்றும் பேசவில்லை.
என் மணிக்கட்டைப் பிடித்து
மெல்லத் திருப்பி வைத்தாள்.
அவள் விரல் சில்லென்றிருந்தது, அந்த வெயிலில்.

டேக் ஒன்பது. மயில் சும்மா இருந்தது.
கட்டெறும்பு ஒன்று சும்மா இல்லை.
காதுமடலில் கடித்ததும்
நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டது.
"பாடி மூச்சு விடுது" என்றார் சவுண்டுக்காரர்.
"இருக்கட்டும்" என்றாள்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை,
நானும் கேட்கிற நிலையில் இல்லை.

ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு
லாட்ஜ் டீவியில் போட்டார்கள்.
தேனி ஏலக்காய் வியாபாரிகள் இரண்டு பேரோடு பார்த்தேன்.
அவள் என் காதுக்குக் குனிந்த இடத்தில்
வயலின் வைத்திருந்தார்கள்.
கீழே எழுத்து ஓடியது: 'உடைந்துபோன அங்கயற்செல்வி.'
நடுவர்கள் என் மூச்சுக்குச் சிரித்தார்கள்.
ஒருவர் மட்டும் படத்தை நிறுத்தச் சொல்லி
"இந்தக் கையை யார் இப்படி வச்சது?" என்றார்.
அவள் வாய் திறந்தாள்.
விளம்பரம்.
சோப்பு, சிமெண்ட், மறுபடி சோப்பு.
திரும்பி வந்தபோது
நீளமான ஒரு நடைவழியில்
பெட்டியை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

"செத்தவன் நல்லா நடிச்சிருக்கான்யா."
"அவன் என்னத்த நடிச்சான், படுத்துக் கிடந்தான்."
இரண்டும் சரியாகத்தான் பட்டது.
சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு
பெரியவர் அறைச்சாவிக்குக் கை நீட்டினார்,
என் முகத்தைப் பார்க்காமல்,
உள்ளங்கை மேலே இருக்க.

கொஞ்ச நேரம்
சாவியை எங்கே மாட்டினேன் என்று
தெரியவில்லை.