ஆமாஞ்சாமிப் படகு

ஒரு டோக்கனைச் சோதிக்க
ஒரு படகு வேண்டும்.
படகென்றால் அதற்கொரு சம்மாட்டி,
சம்மாட்டிக்கு ஒரு சங்கம்,
சங்கத்துக்கு மாவட்டம், மாவட்டத்துக்கு அஞ்சல் எண்.
ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால்
மடி முழுக்க ஏறி வருகிறது,
காரல், பாசி, யாருடையதோ செருப்பு.

மண்டபத்தில், ஐஸ் கம்பெனி மாடியில்,
நாற்பது நிமிடம் ஓடும் எங்கள் சோதனை.
ரிபாயா டீ குடித்துவிட்டு வருவாள்.
இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு ராத்திரி அந்தப் படகைச் செய்தேன்.
பலகை இல்லை, எஞ்சின் இல்லை,
நாலே வரி.
உரிமம் இருக்கா? இருக்கு.
டீசல்? இருக்கு.
ஆள்? இருக்காங்க.
டேட்டாபேஸ் பக்கமே போகாத,
உப்புத் தண்ணீர் படாத
ஆமாஞ்சாமி.
நாற்பது நிமிடம் ஒன்பது நொடியானது.
திரையில் வரிசையாகப் பச்சைப் புள்ளிகள்,
வடகடலில் விளக்கோடு போகும் படகுகள் மாதிரி
என்று அப்போது தோன்றியது.
இப்போது தோன்றுவதில்லை.

நடுவில் ஒரு வியாழக்கிழமை
ரிபாயா நிஜப் படகின் நிரலைத் திருத்தினாள்.
'உரிமம் இருக்கா' என்பதை எடுத்துவிட்டு
'உரிமம் செல்லுமா' என்று வைத்தாள்.
நியாயமான திருத்தம். காலாவதியான உரிமத்தைச்
சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்கள் உண்டு.
என் படகுக்கு யாரும் சொல்லவில்லை.
பழைய கேள்வி போனது,
பழையபடி 'இருக்கு' வந்தது.
எல்லாம் பச்சை. சர்வரில் ஏற்றினோம்.

சனிக்கிழமை. விடிய நேரம் இருக்கிறது.
வாடை முகத்தில் அறைகிறது.
டோக்கன் கூண்டுக்குள் திரை வெள்ளையாக நிற்கிறது,
வெளியே இருநூறு எஞ்சின் உறுமுகிறது.
இன்னாசி என்கிற சம்மாட்டி
கம்பிக்குள் தலையை விட்டுக் கேட்டார்:
'எந்தப் படகுல வச்சுப் பாத்தீக?'
சொல்ல ஒரு பெயர் இல்லை என்னிடம்.
குமாஸ்தா பரீட்சை அட்டையில் தாளைச் செருகிக்
கையால் எழுத ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு.
கையெழுத்து அழகாக இருந்தது, அது வேறு.

போலியை நான் உடைக்கவில்லை.
அந்த ஒன்பது நொடியை விட மனசில்லை.
ஒரு நிபந்தனை சேர்த்தேன்:
நிஜப் படகுக்குத் தெரியாத கேள்வியை
யார் கேட்டாலும், நானே கேட்டாலும்,
தெரியாது என்று சொல்லிக் கவிழ்ந்துவிடு.
கூடவே ஒரே ஒரு சோதனை மட்டும் முழு நிஜம்:
சங்கம், சம்மாட்டி, அஞ்சல் எண், செருப்பு.

ஞாயிறு மாலை ஓட்டினோம்.
பதினேழு இடத்தில் சிவப்பு.
ரிபாயா கீழே இறங்கிப் போய்
பிஸ்கட் வாங்கி வந்தாள்.