எண் நாற்பத்தேழு

வாசினித் தீவில் கடல் எப்போது வற்றும் என்று
கெமுன்டோவின் கடிகாரம் சொல்லும்.
எங்களுக்கு முழங்கால் சொல்லும்.
ஆறு பெண்கள் இறங்குகிறோம்,
முகக்கண்ணாடி மூன்றுதான்,
மூச்சை முறைவைத்துப் பிடிக்கிறோம்.
லேசோத் துணி தண்ணீரில் உப்பி
இடுப்பைச் சுற்றி இன்னொரு பெண்ணாக மிதக்கிறது.

அடியில் ஒரு இரும்பு மேசை, பவள நாற்றங்கால்.
அதன் நான்கு கால்களில் ஒன்று
என் கம்பி.

பதினைந்து வருடம் அதே கம்பியால்
பாரின் பொந்துகளைக் குத்தினேன்.
உள்ளே பேய்க்கணவாய் சுருண்டிருக்கும்,
குறுக்கே பவளம் நிற்கும்.
குறுக்கே நின்றது உடைந்தது.
ஷிமோனித் துறையில் கிலோவுக்கு விலை சொன்னார்கள்,
உடைப்புக்கு யாரும் சொல்லவில்லை.
மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.
என் மகன் ஃபூமோ பள்ளிக்குப் போட்டுப்போன செருப்பு
அந்தக் கணவாய்தான்.

பிறகு ஒரு மார்ச்சில்
கடல் வடிகஞ்சியாய்ச் சுட்டது.
பார் முழுக்க வெளுத்தது.
மேலிருந்து குனிந்து பார்த்த ஸைத்தூனி
"இத்தனை பேருக்குமா கஃபன்?" என்றாள்.
அன்று யாரும் கணவாய் தேடவில்லை.
தேடினாலும் இல்லை.

மொம்பாசாவிலிருந்து கெமுன்டோ வந்தாள்.
மலைநாட்டுப் பெண், படகு அசைந்தாலே வாந்தி.
துடைத்துக்கொண்டு பேசுவாள்.
வனஸ்பதி டப்பா மூடியில் சிமென்டு ஊற்றக்
கற்றுக்கொடுத்தாள்.
பிழைத்த கிளையிலிருந்து ஒரு விரல் நீளம் கிள்ளி
ஈரம் காயும் முன் பதியம் போட்டோம்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் தகடு,
தகட்டில் எண்.
மாதம் இருமுறை பாசி தேய்க்க
பல் துலக்கும் பிரஷ்.
என் பற்களுக்கு நான் இவ்வளவு செய்ததில்லை.

பலகையில் பென்சிலால் மூன்று பத்தி:
உயிர். பாதி. இல்லை.

நூற்றிருபது நட்டோம்.
பதினொன்றை நத்தை தின்றது.
இருபத்தாறை ஒரே இழுப்பில் கொண்டுபோனது
மாலிமுவின் நங்கூரம்.
மாலிமு என் கொழுந்தன்.
மூன்று நாள் பேசாமல் இருந்தான்,
நாலாம் நாள் மீன் கொடுத்தனுப்பினான்,
வாங்கிக்கொண்டேன்.
மீனுக்கென்ன தெரியும்.

நாற்பத்தேழு
ஆகஸ்டில் காணாமல் போனது.
"இல்லை" என்று எழுதிவிட்டு
மேலே வந்து மூச்சு வாங்கினேன்.

நேற்று, மேசைக்குப் பின்னால், ஆறு முழம் தள்ளி
ஒரு பொந்து.
வாசலில் சிப்பி ஓடுகள் சுவராக அடுக்கியிருந்தன,
ஒரு சோடா மூடி,
சுவரின் நடுவே மஞ்சளாக
நாற்பத்தேழு.
உள்ளே ஒரு கண்,
உண்டியல் வாய்போல் கிடைக்கோடாக.

இரண்டு கிலோ இருக்கும்.
கை தானாகப் பின்னால் போனது
கம்பிக்கு.
கம்பி மேசையைத் தாங்கிக்கொண்டு நின்றது.
கையில் இருந்தது பிரஷ்.
நீட்டினேன், ஏன் என்று கேட்காதீர்கள்.
ஒரு கரம் வந்தது, ஒட்டிப் பார்த்தது,
வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது.

திரும்பும்போதுதான் பார்த்தேன்:
நான் எண்ணைத் தேடிய வரிசையில்
எண் இல்லாமல் ஒன்று.
சிமென்டை மூடி வழிந்து
இரும்பையே பிடித்துக்கொண்டு
மூன்று விரல் உயரம்,
நுனிகளில் வெளிர் ஊதா.

"தகடு இல்லாததைப் பதிவு செய்ய முடியாது"
என்றாள் கெமுன்டோ.
அது அங்கேயேதான் நின்றிருக்கிறது என்றேன்,
நான்தான் காணாமல் போயிருந்தேன்.
யோசித்தாள்.
நாலாவது பத்தி ஒன்று கோடு போட்டாள்,
தலைப்பு எழுதவில்லை.

புது பிரஷ் முப்பது ஷில்லிங்,
என் காசு.

பொந்து எங்கே என்று
ஸைத்தூனியிடம் சொல்லவில்லை.
அவளிடம் இன்னும் கம்பி இருக்கிறது.