ட்வான் வரைக்கும் டிக்கெட்

மூன்றாம் நாள்.
சட்டைப் பொத்தானில் நான் கை வைத்ததும்
கடன் கொடுத்தவனைத் தெருவில் கண்டவன் போல
முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறான்.
முதுகு வில்லாகிறது.
ஏழு மாத உடம்பில்
இத்தனை "மாட்டேன்" எங்கே இருந்தது?

நடந்தது இவ்வளவுதான். கடித்தான்.
குறுநொய் அளவு புதுப்பல்.
நான் ஐயோ என்று கத்திவிட்டேன்.
பீல் நகரத்து ஐந்தாம் மாடியில்
கீழ்வீட்டு மனிதர் சூடேற்றிக் குழாயைக்
கரண்டியால் தட்டும் அளவுக்கு.
அகரனின் உதடு மெல்லப் பிதுங்கியது.
பிறகு வாய் வைக்கவே இல்லை.

அதுதான் காரணம் என்பது என் கணக்கு.
நீ சவர்க்காரம் மாத்தினாய் என்கிறான் ரஜீபன்.
நாவூறு, மிளகாய் சுத்திப் போடு என்கிறாள்
தொலைபேசியில் சுபோதினி மச்சாள்.
சுற்றிப் போட்டேன்.
புகைமணி அலறியது.
அதற்கு மட்டும் சிரித்தான் பிள்ளை,
பல் தெரிய.

மருத்துவிச்சி றெகூலா வந்தாள்.
காது பார்த்தாள், நாக்கைத் தூக்கிப் பார்த்தாள்,
நனைந்த அணையாடைகளை எண்ணச் சொன்னாள்.
காய்ச்சல் இல்லை, காதிலும் ஒன்றுமில்லை.
இதற்கு எங்கள் மொழியில்
வேலைநிறுத்தம் என்று பேர் என்றாள்.
மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
பதினொரு வருசமாக முள்ளுப் பூட்டுகிறேன்,
ஒரு வேலைநிறுத்தம் கண்டதில்லை.
இப்போது வீட்டுக்குள்ளே சங்கத் தலைவர்.

கெஞ்சாதே, தலையைப் பிடித்து அமத்தாதே,
கறந்து சின்னக் கோப்பையில் கொடு,
அரைத்தூக்கத்தில் கேட்டுப் பார்.
சொல்லிவிட்டுச் சைக்கிளில் போய்விட்டாள்.

இரவு இரண்டு மணி.
வாடகை இயந்திரம் என் மடியில் இருந்து
வா போ வா போ என்கிறது.
வா என்றால் வராமல்
போ என்றால் பீறுகிறது பால்.
நெஞ்சு கல்லாகக் கட்டி
அக்குள் வரைக்கும் நோகிறது.
அவன் வேண்டாமென்றது பாலையா
என்னையா என்று கேட்க
அந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள்?
ரஜீபன் உணவகத்தில் சட்டி கழுவுகிறான்.
நான் போத்தலில் தேதி எழுதி ஒட்டுகிறேன்.

காலையில் ரயில் ஏறினோம்.
போக ஓர் இடமும் இல்லை.
வண்டி ஓடினால் அழமாட்டான், அவ்வளவுதான்.
ட்வான் வரைக்கும் டிக்கெட்,
இறங்கி அடுத்த வண்டியில் திரும்புவதாக எண்ணம்.
இடப்பக்கம் ஏரி, வலப்பக்கம் முந்திரிகைத் தோட்டம்,
இலை உதிர்ந்து வெறும் கம்புகள்.
சால்வைக்குள் அவன் கண் சொருகியது.
நான் கேட்கவில்லை, காட்டவில்லை.
மூக்கால் தேடி
தானாகவே வந்து பிடித்தான்.

முதலில் இரண்டு இழுவை.
ஒரு நிறுத்தம்.
பிறகு தொண்டையில் அந்தக் கிளுக், கிளுக்.
எனக்கு மூச்சு விடவும் பயம்.

ட்வான் வந்தது. கதவு திறந்தது. மூடியது.
லீகெர்ட்ஸ் போனது.
ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி
பிரெஞ்சை முன்னுக்கு விட்டது.
டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார்.
பார்த்தார். வேறு பக்கம் பார்த்தார்.
இறங்கவில்லையா என்று ரகசியமாகக் கேட்டார்.
தலையை மட்டும் ஆட்டினேன்.
நல்ல மனிசன், சத்தமே போடாமல்
தொண்ணூறு பிராங்க் தண்டம் எழுதி
என் முழங்கையருகே வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் துண்டு குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது.
உலகத்திலேயே விலை கூடின பால்
என்று ரஜீபன் வருகிறவர்களுக்குக் காட்டுகிறான்.

அன்றிரவு திரும்பவும் மாட்டேன் என்றான்.
அடுத்த நாள் ஒருதரம்.
அதற்கடுத்த நாள் எண்ண மறந்துவிட்டேன்.

நேற்று மறுபடி கடித்தான்.
ஐயோ தொண்டை வரைக்கும் வந்தது.
சுண்டுவிரலை அவன் வாயோரம் நுழைத்து
"ட்வான்" என்றேன், மெதுவாக,
பல்லைக் கடித்துக்கொண்டு.
நிமிர்ந்து பார்த்தான்.
இறங்கவில்லை.