ஒப்பீட்டுக் குப்பி

ஷூ பாலிஷ் டப்பா, உள்ளே கரி பூசியது.
அதில் ஒரு நீல எல்.இ.டி,
உடைந்த டிவிடியின் கீற்று,
விரிசல் விழுந்த கைபேசியின் கண்.
ஸோம்பா சந்தையில் எல்லாம் சேர்த்து
ஒரு கோழி விலைக்குக் கொஞ்சம் கூட.
காலராக் கிருமியைத் தொட்டால் மட்டும்
பச்சையாகும் சாயம், சொட்டு ஒன்று.

ஆய்வகத்தில் அது பொய் சொன்னதில்லை.
சில்வா ஏரிக்கரையில்
எந்தச் சந்திலோ வெயில் நுழைந்து
எல்லாத் தண்ணீரும் பச்சை என்றது.

லிம்பானி சிரிக்கவில்லை.
மீன்கூடையை இறக்கிவிட்டு
மனைவியின் சித்தெஞ்சேத் துணியை
என் தலைக்கும் டப்பாவுக்கும் சேர்த்துப் போர்த்தினான்.
உள்ளே இரவு. மீன் வாடை. என் மூச்சு.

ஏரி நீர்: இருட்டு.
லிம்பானி வீட்டுக் குடம்: இருட்டு.
கடைசியாக, ஒன்றும் இருக்காதென்று
ஒப்பிட மட்டும் வைத்த குப்பி;
காலையில் விடுதிக் குழாயில் பிடித்து
பாதியை நானே குடித்திருந்தது.

எரிந்தது,
இளம்புல் நிறத்தில், வெட்கமே இல்லாமல்.

"வேலை செய்யுது!" கத்தினேன்.
வெளியே கைதட்டினார்கள்.
துணியை விலக்காமல்
இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்,
பையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம்
எத்தனை மிச்சம் என்று
விரலால் தடவிக்கொண்டு.