ஷாட் நானூற்று எழுபது

ஸ்டுட்கார்ட்டில் கடல் கிடையாது.
சுற்றிலும் திராட்சைக் குன்றுகள்,
நடுவே சட்டிக்குள் வைத்ததுபோல் ஊர்.
இங்குள்ளவர்களும் சட்டி என்றுதான் சொல்கிறார்கள்.
அதன் அடியில்,
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி ஒட்டிய ஓர் அறையில்
மாதச் சம்பளத்துக்கு
நான் கடல் செய்கிறேன்.

முதல் பாகத்தில் அலை முப்பது மீட்டர்.
இரண்டாம் பாகத்தில் தொண்ணூறு.
ஏன் தொண்ணூறு என்று யாரும் கேட்கவில்லை.
பட்ஜெட் மூன்று மடங்கு,
தண்ணீருக்கும் அதே கணக்கு.

நாயகன் ஆகஸ்டிலேயே ஓடி முடித்துவிட்டான்
பச்சைத் துணிக்கு முன்னால், டிரெட்மில்லில்,
மூச்சிரைக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.
அவன் பார்த்த இடத்தில் அன்றைக்கு இருந்தது
கம்பு நுனியில் ஒரு டென்னிஸ் பந்து.
பந்தை அழித்துவிட்டு
அங்கே என் கடலை நிறுத்த வேண்டும்.

பதினொரு முறை அனுப்பினேன்.
பதினொரு முறையும் திரும்பி வந்தது.
ஹென்னிங் நல்ல மனிதர், குரல் உயர்த்தமாட்டார்.
பிரெட்செல்லின் உப்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:
"நுரை போதாது. முகடு சுருளவே இல்லை.
விழுமுன் ஒரு வினாடி நிற்க வேண்டும்,
கண்ணாடிபோல, வெயில் ஊடுருவ.
இதைப் பார்த்தால் சாக்கடை பொங்குவதுபோல் இருக்கிறது.
உண்மையாக இல்லை, செவாந்தி."

என் பெயர் செவ்வந்தி.
அதைத் திருத்தவில்லை. மற்றதையும்தான்.

நான் கண்டது சுருளவில்லை, ஹென்னிங்.
நிற்கவில்லை.
தார் நிறத்தில்
தரையே எழுந்து நடந்து வந்தது,
ஏலக்கூடை, ஃபைபர் படகு, ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி,
பால் பூத்தின் கதவு எல்லாவற்றையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு.
அலைச் சத்தம்கூட இல்லை,
லாரி லாரியாய் ஜல்லி கொட்டும் சத்தம்.
எவ்வளவு உயரம் என்று கேட்டால்
அக்கரைப்பேட்டையில் தென்னையைக் காட்டுவார்கள்.
குருத்தை அல்ல. பாதி மரத்தை.

பாதி மரம் போதுமாக இருந்தது.

முதல் அலை
வாசல்வரை வந்து
செருப்புகளை எடுத்துக்கொண்டு போனது, அவ்வளவுதான்.
சிரித்தோம்.
கடல் உள்வாங்கிய சேற்றில் மீன் துள்ளியது.
நாகூரான் சட்டையைக் கழற்றிப் பையாக முடிந்துகொண்டு
பொறுக்கப் போனான்; எனக்குச் சித்தப்பா மகன்,
எட்டாம் வகுப்பு, கணக்கில் புலி.
இரண்டாம் பாகம் உண்டென்று
யாரும் போஸ்டர் ஒட்டியிருக்கவில்லை.

பன்னிரண்டாவதை
அவர்கள் கேட்டபடியே செய்தேன்.
நாற்பது இயந்திரங்கள் விடிய விடியக் கணக்குப் போட்டன.
முகடு சுருண்டது. நுரை பூத்தது.
வெயில் பச்சையாக ஊடுருவியது. அழகாகத்தான் இருந்தது.
பிறகு நின்றது,
ஒரு வினாடி அல்ல,
ஆறு.

திரையிடும் அறையில் யாரோ சிரித்தார்கள்.
ஹென்னிங்கும் சிரித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு:
"இவ்வளவு நேரம் நின்றால்
கரையில் இருக்கிற எல்லாருமே தப்பித்துவிடுவார்களே!"

ஆமாம் என்றேன்.
நகைச்சுவை என்று நினைத்துத் தோளில் தட்டினார்.

ஐந்து வினாடியை வெட்டச் சொன்னார், வெட்டினேன்.
ஷாட் ஒப்புதலாயிற்று. யாரோ கேக் வாங்கி வந்தார்கள்.
மூன்றாம் பாகம் பற்றிய பேச்சும் வந்தது,
பனிமலை சரியுமாம்.

வெட்டிய ஐந்து வினாடி
இன்னும் சர்வரில் கிடக்கிறது.
மீனைக் கீழே போட ஒரு வினாடி.
கூட்டுறவுச் சங்கத்து மாடிப்படி பன்னிரண்டு,
அவன் எப்போதும் இரண்டிரண்டாகத்தான் தாண்டுவான்.

ஒப்புதல் கிடைக்காத கோப்புகளை
வெள்ளி இரவு சர்வர் தானாகவே அழித்துவிடும்.

இன்று புதன்.