பன்னிரண்டாம் தேதி

மாதத்தின் பன்னிரண்டாம் தேதி விழுகிற சம்பள வாரத்தில்
உங்கள் பட்டியலில் எத்தனை பேர்?

ஒன்பது வருடமாக இதே கேள்வி.
லிங்கன் நகரில், ஜன்னல் திறக்காத மூன்றாம் மாடியில்,
ஆறிப்போன காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
நெப்ராஸ்கா முழுக்கப் பழுதுபார்ப்பவர்களை
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கார், டிராக்டர், குளிர்பதனப் பெட்டி,
எடை மேடை, தையல் மெஷின், பியானோ:
கெட்டுப்போகத் தெரிந்ததெல்லாம் என் வரிசை.
கெட்டுப்போகத் தெரிந்த மனிதர்கள்
அடுத்த மேசை டெல்ஃபினுடைய வரிசை.
ஆஸ்பத்திரிகள். அவளுடையது ஏறிக்கொண்டே போகிறது.

கியர்னியில் வோந்த்ராசெக் பட்டறை.
மார்ச்சில் பதினொன்று என்றார்.
செப்டம்பரில், சோளம் காய்ந்து நிற்கையில், பதினான்கு.
டிசம்பரில் எட்டு.
"கதிர் லாரி ஏறிவிட்டால் பெல்ட் எவனுக்கு வேண்டும்?"
அவருடைய மேட்டையும் பள்ளத்தையும்
எங்கள் கணினி பருவத்துக்குத் தக்கபடி
சாந்து பூசிச் சமன் செய்துவிடும்.
அந்த எட்டில் இல்லாத ஆறு பேருக்கு
யார் பூசுவார்கள், அது என் படிவத்தில் இல்லை.

கிராண்ட் ஐலண்டில் வாஷிங் மெஷின் கடை அம்மாள்:
"விளம்பரம் போட்டேன். இரண்டு பேர் வந்தார்கள்.
ஒருவன் மதியச் சாப்பாட்டுக்குப் போனான்,
இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.
ஒன்று என்று எழுதிக்கொள்."

டயர் கடை யஸீதி அண்ணன் தம்பிகளில் மூத்தவர்
முதல் மாதம் பதிலே சொல்லவில்லை.
"எதற்கு எண்ணுகிறீர்கள்?
தலை எண்ண வந்தவர்களிடமிருந்து தப்பித்துத்தான்
இவ்வளவு தூரம் வந்தோம்."
சட்டப் பிரிவைப் படித்துக் காட்டினேன்.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
மூன்றாம் மாதம் அவராகவே கூப்பிட்டார்: "ஏழு."
கொஞ்சம் பொறுத்து, "ஏழு பேரும் நலம்."
நலத்துக்குக் கட்டம் கிடையாது.

நார்ஃபோக்கில் டிராக்டர் விற்பனைக் கூடம்.
போனில் எப்போதும் ரோக்சான்.
பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு,
போன அக்டோபரில் பதினொன்று.
யார் என்று நான் கேட்கக் கூடாது.
கேட்காமலே சொன்னாள்:
"டெல்பர்ட். ஸ்பானர் பிடித்த கையில்
மடிக்கணினியைக் கொடுத்தார்கள்.
வண்டியைத் திறக்கக் கம்பெனி கடவுச்சொல் வேண்டுமாம்.
வைத்துவிட்டுப் போய்விட்டார்."
கழித்தேன். ஒரு விசையைத் தட்டுகிற நேரம்.

ஜனவரியில், மாடிசன் தாண்டி,
என் காரில் ஹீட்டர் நின்றது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
பெட்ரோல் பங்கில் கை காட்டினார்கள்:
பெயர்ப்பலகை இல்லாத தகரக் கொட்டகை,
வாசலில் இரண்டு டிராக்டர், ஒரு பள்ளிப் பேருந்து,
வரிசையில் நிற்கும் மூன்று பேர்.
பானெட்டுக்குள் குனிந்திருந்தவர் சட்டையில்
கம்பெனிப் பட்டையைப் பிய்த்த இடம்
மற்ற துணியைவிடக் கறுப்பாக இருந்தது.
பெயர்ப் பட்டையை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

நான் கழித்த ஆள்.

பழக்க தோஷம், வாய் கேட்டுவிட்டது:
இங்கே எத்தனை பேர்?
"நான்தான். சனிக்கிழமை வீட்டுக்காரி பில் எழுதுவாள்."
தனக்குத் தானே முதலாளியானவர்
எங்கள் கணக்கில் வரமாட்டார்.
விதிகளில் நான்காம் பக்கம், மனப்பாடம்.
அன்று அந்தக் கொட்டகையில்
பட்டியல்படி வேலையில் இருந்தவள்
நான் ஒருத்திதான்;
கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

நாற்பத்தாறு டாலர் வாங்கி நாலைத் திருப்பித் தந்தார்,
மோட்டார் பழையதாம்.

திங்கட்கிழமை ரோக்சானிடம் கேட்டேன்.
"பதினொன்று," என்றாள். "மாற்றம் இல்லை."
மாற்றம் இல்லை என்று அடித்தேன்.

ஹீட்டர் இன்னும் லேசாகக் கிர்ரென்கிறது.
இன்னொரு தடவை போகவேண்டும்.
அடுத்த பன்னிரண்டாம் தேதிக்குள்.