பதினாறு காபி டின்கள்

நூறில் எண்பது அரசு தரும்,
மீதி இருபதை ஊர் போட வேண்டும் என்றது படிவம்.
நெப்ராஸ்காவில் எங்கள் பிளம் ஃபோர்க்கில் அன்றைக்கு இருந்தது
முந்நூற்றுப் பதினோரு பேர்,
ஒரு தானியக் கிடங்கு,
ஆர்டித் குட்லாசெக்கின் உணவகம்,
ஓடாத தீயணைப்பு வண்டி ஒன்று.

வண்டியை விற்றோம்.
கொலராடோக்காரர் ஒருவர் கல்யாண ஊர்வலத்துக்கென்று வாங்கிப்போனார்.
மணியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டோம்.
படிவம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஊர் எழுத்தர் நான்.
எண்பத்தாறு பக்கமும் என் கையெழுத்து.
நெடுஞ்சாலையிலிருந்து எவ்வளவு தூரம்?
இரவில் விளக்கு எரியுமா? கழிப்பறை உண்டா?
நாளொன்றுக்கு எத்தனை மின்கார் எதிர்பார்க்கிறீர்கள்?
இரண்டு என்று எழுதி
அழித்து
பன்னிரண்டு என்று எழுதினேன்.
பொய்யில்லை. ஆசை.

கூட்டத்தில் ஹார்லன் வீபே எழுந்தார்.
"மக்காச்சோளத்தைச் சாராயமாக்கிக் காருக்கு ஊட்டும் ஊர் இது.
நம் வயிற்றில் நாமே அடித்துக்கொள்ளவா?"
யாரும் வாய் திறக்கவில்லை.
ஓட்டெடுப்பில் அவர் கையும் உயர்ந்தது, கடைசியாக, அரை மனதாக.
டென்வரில் இருக்கும் மகளிடம் அப்படியொரு கார்.
போன கிறிஸ்துமஸுக்குப் பாதி வழி வந்து
திரும்பிப் போய்விட்டாள்.

ஜூனில் தோண்டினார்கள். ஜூலையில் சிமென்ட்.
நான்கு மேடை, மேடைக்கு நான்கு போல்ட்,
வானத்தைப் பார்த்து நின்றன.
பிறகு கடிதம் வந்தது.
ரத்து என்று அதில் இல்லை,
'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, மறுபரிசீலனையில்.'

பதினாறும் பெற்றாயிற்று,
பெருவாழ்வுதான் பாக்கி.

இருட்டில் யாரும் இடறி விழக்கூடாதென்று
ஆர்டித் ஒவ்வொரு போல்ட்டின் மேலும்
காலி காபி டின்னைக் கவிழ்த்துவைத்தாள்.
காற்றடித்தால் கடகடவென்று
ஊரே கேட்கும்.

நவம்பரில் ஒரு ராத்திரி
இமெல்டா ஓசுனா என்கிற நர்ஸ் வந்து நின்றாள்.
பேட்டரியில் நான்கு சதவீதம்.
செல்போன் வரைபடத்தில் எங்கள் ஊர்மேல்
'விரைவில்' என்று ஒரு பச்சைப் புள்ளி.
அந்தச் சொல்லை நம்பி
நாற்பது மைல் வந்திருக்கிறாள்.
டின்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

துணி உலர்த்தும் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
அவள் காரிலிருந்த ஒயரைச் சன்னல் வழியே இழுத்தாள் ஆர்டித்.
சன்னல் மூடவில்லை.
விடிய விடியப் பனிக்காற்று உள்ளே.
மூன்றாம் மேசை பெஞ்சில்
கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினாள் நர்ஸ்.
ஈர மேசைவிரிப்புகள் கூடையிலேயே விறைத்துக் கிடந்தன.

காலையில் தட்டுக்கடியில் இருபது டாலர்.
முட்டைக்கா மின்சாரத்துக்கா, தெரியவில்லை.
ஆர்டித் தொடமாட்டேன் என்றாள்.
ஊர்க் கணக்கில் வரவு வைத்தேன்.

திட்டம் நின்றாலும் காலாண்டு அறிக்கை நிற்பதில்லை.
எதிர்பார்த்த வாகனம்: பன்னிரண்டு.
வந்தது: ஒன்று.
மின் இணைப்பின் வகை என்ற கட்டத்தில்
'சன்னல்' என்று எழுதி அனுப்பினேன்.
இதுவரை
யாரும் விளக்கம் கேட்கவில்லை.